மூன்றாம் வகுப்பு பி பிரிவின் வசூல்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று காபி கிடைக்கவில்லை. நாள் முழுக்கத் தலைவலி.

இரண்டாவது பீரியடில் மாகாளியக்கா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். முழுப் பெயர் உச்சிமாகாளி. எங்கள் பள்ளியில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஆயா அவள்தான். கக்கூஸ் கழுவுவது, வாந்தி அள்ளுவது, கால்சட்டையில் போய்விட்ட பிள்ளையைக் கழுவி விடுவது எல்லாம் அவள் பாடு. படியில் புது டைல்ஸ் பதித்த நாளிலிருந்து வழுக்குகிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சொல்லியாயிற்று. கரஸ்பாண்டன்ட் ஆவுடையப்பன் சாருக்கு மட்டும் அது பளபளப்பாக இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். இடுப்பெலும்பு என்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு பி-யில் நான்கு இலக்கக் கூட்டல் ஆரம்பித்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பாதி கையில் வைத்ததைக் கூட்டாமல் விட்டுவிடுகிறது.

ஜனவரி 8, வியாழன்

கக்கூஸ் நாற்றம் வகுப்பு வரை வருகிறது. மாகாளியக்கா இல்லாமல் இரண்டு நாள்தான். ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் குமட்டுகிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

ஸ்டாஃப் மீட்டிங். மாகாளியக்காவுக்கு பிளேட் வைக்க வேண்டுமாம், தனியார் ஆஸ்பத்திரியில் அறுபதாயிரம் சொல்லியிருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே இருந்து பார்க்க ஆள் வேண்டும். ஒரே மகள், அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், கையில் குழந்தையோடு இருக்கிறாள். மாதவிடாய் நின்ற வயசு எலும்பு, சீக்கிரம் பிளேட் வைக்காவிட்டால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஆவுடையப்பன் சார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஸ்கூல் பணத்தைத் தொட்டா ஆடிட்டர் கேப்பார். நாம எல்லாரும் மனுசங்கதான, மனிதாபிமானத்துல ஏதாவது செய்யணும்." விழுந்தது அவருடைய படியில். அந்த மனுஷன் மனிதாபிமானம் என்று சொன்னபோது எனக்கு வாயில் புளித்த ஏப்பம் வந்தது.

யாரோ ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகள் தினமும் வீட்டிலிருந்து சில்லறை கொண்டுவரட்டும். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு சின்னக் கடை போடட்டும். வந்ததைக் கூட்டி, செலவைக் கழித்து, கணக்கு நோட்டிலேயே எழுதட்டும். கூட்டல் கழித்தலும் ஆயிற்று, உதவியும் ஆயிற்று. பிரின்ஸிபல் ரெஜினா மேடம் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பொங்கல் லீவு வருகிறது. வீட்டில் ஒட்டடை அடிக்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

வசூல் தொடக்கம். முதல் பீரியட் முழுக்கச் சில்லறை. ஒருவன் நாணயத்தை வாயில் போட்டுக்கொண்டு வந்து, துப்பி, என் கையில் கொடுத்தான். ஒருத்தி கொண்டுவந்த பத்து ரூபாய் நோட்டில் இட்லி மாவு. இன்னொன்றில் என்ன என்று நான் முகர்ந்து பார்க்கவில்லை. டெட்டால் போட்டு மூன்று முறை கை கழுவினேன், சாயங்காலம் வரை விரலில் அந்தத் துருவாடை.

412 ரூபாய். பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் எழுதினார்கள். அடியில் நான் சரி போட்டு இனிஷியல் வைத்தேன். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்று மேடம் உத்தரவு.

ஜனவரி 21, புதன்

412 + 365 = 777. வகுப்பே கைதட்டியது.

ஜனவரி 23, வெள்ளி

கடை நாள். எலுமிச்சை ஜூஸ், முறுக்கு, உப்பு மிளகாய் தடவிய மாங்காய். ஜூஸ் வாளியைச் சுற்றி ஈ. முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒருவன் பனிக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அதையே நான்காம் வகுப்புக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். நானும் ஒரு டம்ளர் குடிப்பதுபோல் நடித்து ஜன்னலுக்கு வெளியே ஊற்றினேன்.

விற்றது 1,280. செலவு 445. கழித்தால் 835. இதில் ஒரு பிள்ளை என்னை ஆச்சரியப்படுத்தியது. மின்ஹா. கோழிக்கடை வைத்திருப்பவர் மகள். மூன்று மாதமாகக் கழித்தலில் தடுமாறிக்கொண்டிருந்தவள். இன்று மற்றவர்கள் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து விடையைச் சொன்னாள்.

"எப்படிட்டி கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"நெசமான துட்டு மிஸ். நோட்டுல இருக்க மாம்பழம்னா எனக்கு வராது. இது மாகாளியக்காவுக்குப் போவுதுல்ல, தப்பாப் போட்டா அவங்களுக்குக் கொறைஞ்சுரும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எழுதி வைக்கிறேன், இந்த மாதத்தில் நெஞ்சு நிறைந்த ஒரே விஷயம் இதுதான்.

ஜனவரி 24, சனி

மாகாளியக்காவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஒற்றை அறை. கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் டப்பா, பக்கத்து வீட்டுப் பெண் வந்து எடுத்தால்தான் உண்டு. நாங்கள் எல்லாரும் கழித்ததைப் பதினொரு வருஷம் கழுவியவள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், உடனே எடுத்துவிட்டேன், அவள் பார்த்துவிட்டாள்.

"மூடிக்கோங்க டீச்சர், ஒண்ணுமில்ல," என்றாள். "ஒங்க ஃபிளாஸ்க் ஒடஞ்சு போச்சே, அதான் எனக்கு வருத்தம். காபி ஆறிரும்னு வெரசா ஏறுனேன். புதுசு வேற."

பழசுதான் என்று சொன்னேன். புதுசுதான். வாங்கிப் பதினைந்து நாள்.

"பிள்ளைய துட்டு சேக்குதாமே? என்னத்துக்கு டீச்சர், சின்னப் பிள்ளையகிட்ட போயி." அடுத்து அவளே, "எம்புட்டு சேந்திருக்கும்?" என்று கேட்டாள். எங்கள் வகுப்பு ஒன்றிலேயே மூவாயிரம் தாண்டும், மொத்தம் இருபத்திரண்டு வகுப்பு என்று சொன்னேன். அவள் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பிப்ரவரி 2, திங்கள்

வாசலில் ஆவுடையப்பன் சாரின் அப்பா பெயரில் அலங்கார வளைவு எழும்புகிறது. சிமெண்ட் தூசி. தும்மல்.

பிப்ரவரி 6, வெள்ளி

மறுபடியும் கடை, மறுபடியும் ஈ. கக்கூஸ் கழுவ ஒரு தாத்தாவை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகின்றன.

பிப்ரவரி 13, வெள்ளி

கடைசி நாள். நேற்று வரை 5,890. இன்று கடை லாபம் சேர்த்து 1,456. கரும்பலகையில் எழுதி, வகுப்பே சேர்ந்து சத்தம் போட்டுக் கூட்டியது. பூஜ்யமும் ஆறும் ஆறு. ஒன்பதும் ஐந்தும் பதினாலு, நாலு போட்டு ஒன்று கையில். எட்டும் நாலும் ஒன்றும் பதிமூன்று, மூன்று போட்டு ஒன்று கையில். ஐந்தும் ஒன்றும் கையிலிருக்கும் ஒன்றும் ஏழு.

7,346. முப்பத்தெட்டு நோட்டிலும் ஒரே விடை. பத்து வருஷ வேலையில் முழு வகுப்பும் சரியாகப் போட்ட கணக்கு இதுதான். முப்பத்தெட்டு சரி போட்டு, பணத்தை எண்ணி மேடத்திடம் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அங்கே ரசீது கேட்பது வழக்கமில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

பிரேயரில் விழா. பெரிய அட்டையில் செக் மாதிரி அச்சடித்து, மாகாளியக்காவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சார் கொடுப்பதுபோல் போட்டோ. ஏழு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கும்பிட வேண்டும். நாலாவது தடவை வலியில் அவள் முகம் கோணியது. போட்டோக்காரர் "சிரிங்கம்மா" என்றார். அட்டையில் 24,600 என்று இருந்தது. இருபத்திரண்டு வகுப்பில் எங்கள் வகுப்பு ஒன்றே 7,346. இருந்தாலும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் வகுப்புவாரியாகப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு பி: 1,346.

நான் பார்த்துவிட்டுப் பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். இடைவேளை முடிந்து திரும்பினால் போர்டுக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் கூட்டம். பட்டியலில் எங்கள் தொகை மேல் சிவப்பு மையில் பெரிய தப்பு போட்டிருந்தது. பக்கத்தில் 7,346. அதன் கீழே, நான் வழக்கமாக எழுதுவது போலவே, ‘மீண்டும் கூட்டிப் பார்க்கவும்’.

மின்ஹாதான். ஒளியவுமில்லை, பயப்படவுமில்லை. என் மேசையிலிருந்து எடுத்த சிவப்புப் பேனாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"மேடம் தப்பாப் போட்டுட்டாங்க மிஸ். கையில வச்ச ஒண்ணை மட்டும் எழுதிட்டாங்க. அஞ்சையும் ஒண்ணையும் கூட்ட மறந்துட்டாங்க. நானும் அப்படித்தான முன்னாடி போடுவேன்."

மேடத்தின் மேல் அவளுக்கு இரக்கம் வேறு. தனக்கு வந்த தப்பு பெரியவர்களுக்கும் வரும் என்று நினைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, புதன்

ரெஜினா மேடம் அறைக்கு அழைத்தார். ஏசி. ரூம் ஸ்பிரே. உட்காரச் சொன்னார்.

"பேரண்ட்ஸ் குரூப்ல நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க மிஸ். நோட்டுல ஏழாயிரம், போர்டுல ஆயிரமான்னு கேக்கறாங்க. மத்த வகுப்புல யாரும் கடைசி வரைக்கும் நோட்டுல எழுத வைக்கல, பேருக்கு நாலு நாள் எழுதிட்டு விட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சின்சியரா பண்ணிருக்கீங்க. உங்க ஐடியாதான, அதனால பண்ணிருப்பீங்க."

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மூணாங்கிளாஸ் பிள்ளைங்க கூட்டுனதுதான, தப்பாக் கூட்டியிருக்கும். நீங்க தப்புன்னு போட்டு, கீழ கரெக்‌ஷன் எழுதச் சொல்லுங்க. பேரண்ட்ஸ் கையெழுத்து வாங்கிட்டு வரட்டும். முடிஞ்சது."

"எல்லாத்துக்கும் நான் சரின்னு போட்டிருக்கேன் மேடம்."

"டீச்சருக்கும் தப்பு வரும்ல," என்றார். மிகவும் அன்பாகச் சொன்னார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு ஃபைலை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார். "பூர்ணிமா அடுத்த வருஷம் டென்த் இல்ல? ஸ்டாஃப் கன்செஷன் லிஸ்ட் சார் இந்த வாரம்தான் பாக்கறாங்க."

பூர்ணிமா என் மகள். பாதிக் கட்டணத்தில் படிக்கிறாள். முழுக் கட்டணம் என் நாலு மாதச் சம்பளம்.

வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன். செதிலும் குடலும் கையில் ஒட்டின. அந்த நாற்றம் தேவலை என்று தோன்றியது.

பிப்ரவரி 19, வியாழன்

செய்துவிட்டேன்.

முதல் பீரியடில் நோட்டை எல்லாம் வாங்கி, முப்பத்தெட்டு சரியையும் அடித்து முப்பத்தெட்டு தப்பு போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கை அதுபாட்டுக்குப் போட்டது. கரும்பலகையில் 5,890 + 1,456 என்று எழுதி, கீழே கோடு கிழித்து, 1,346 என்று எழுதினேன். ‘திருத்தம்’ என்று தலைப்புப் போட்டுப் பார்த்து எழுதச் சொன்னேன்.

முப்பத்தேழு பிள்ளைகள் எழுதின. அதுதான் எனக்கு அதிக அருவருப்பு. ஒன்றுகூட ஏன் என்று கேட்கவில்லை. ஒருவன் "கோடு ஸ்கேல் வச்சுப் போடணுமா மிஸ்?" என்று கேட்டான்.

மின்ஹா எழுதவில்லை.

"மிஸ், மேல அஞ்சாயிரம் இருக்கு. அதோட கூட்டினா எப்படி மிஸ் கொறையும்?"

வெளியே அலங்கார வளைவில் ஆசாரி கல் அறுக்கும் சத்தம் மட்டும். மற்ற பிள்ளைகளும் இப்போதுதான் போர்டை நிதானமாகப் பார்த்தன. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் இரண்டு மூன்று பேர் கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

"மிஸ் போட்டா சரியாத்தான் இருக்கும். எழுது."

"நீங்கதான மிஸ் ஏழு சொன்னீங்க. அன்னைக்கு எல்லாரும் சேந்து சொன்னோம்ல."

"அன்னைக்குச் சொன்னது தப்பு. வாயாடாம எழுது."

அவள் அப்போதும் பென்சிலைத் தொடவில்லை. நான் அவள் பெஞ்சுக்குப் போய், கையைப் பிடித்து, அந்த விரல்களுக்குள் பென்சிலை வைத்து, என் கையால் அழுத்தி எழுத வைத்தேன். ஒன்று. மூன்று. நாலு. ஆறு. எல்.கே.ஜி பிள்ளைக்கு ‘அ’ எழுதிக் கொடுப்பதுபோல. அவள் கை சில்லென்று இருந்தது. நான்கு எண்ணும் முடியும் வரைக்கும் அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

முப்பத்தெட்டு கையெழுத்தும் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வீட்டிலும் ஒரு ஆள்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. சிவப்புத் தப்பைப் பார்த்தார்கள், டீச்சர் இனிஷியலைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் தகப்பன் ஒருவர் இருக்கிறார். அவரும் போட்டிருக்கிறார். பேரண்ட்ஸ் குரூப்பில் ஒருவர் ‘சாரி மேடம், பிள்ளைகள் தவறு’ என்று எழுதி, கும்பிடும் கை படம் போட்டிருக்கிறார். அதற்கு முப்பது பேர் லைக்.

மின்ஹாவின் இடது காது சிவந்து வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மிஸ் சொல்லியும் எழுதாம நின்னியாமேன்னு வாப்பா திருகிட்டாக. போர்டுல கிறுக்குனதுக்கும் சேத்து."

"யார் சொன்னா வாப்பாகிட்ட?"

"மேடம் போன் பண்ணாங்களாம்." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "வலிக்கல மிஸ்," என்றாள்.

பிப்ரவரி 23, திங்கள்

கன்செஷன் லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள். பூர்ணிமா பெயர் இருக்கிறது. சந்தோஷப்பட்டேன். பட்டதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

மாகாளியக்கா ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. இருபத்துநாலாயிரத்துக்கு எந்த டாக்டரும் பிளேட் வைக்கமாட்டார். மூங்கில் பட்டை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் தடவித் துணி சுற்றும் வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறாள். மூன்று மாதம் அசையக் கூடாதாம். அதற்குப் பிறகும் கோலூன்றித்தான் நடக்க முடியும். வேலைக்கு வர முடியாது.

முட்டை நாற்றமும் மூத்திர நாற்றமும் கலந்து அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை நான் மூக்கைப் பொத்தவில்லை. பொத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"பிள்ளைய சேத்தது எம்புட்டுன்னு சொன்னிய டீச்சர், மூவாயிரமா?" என்று கேட்டாள். "இருபத்திரண்டு வகுப்புன்னிய. நான் கூட்டுனா வேற மாதிரி வருது. எனக்குப் படிப்பில்ல, தப்பாத்தான் கூட்டிருப்பேன்."

"ஆமா அக்கா," என்றேன்.

ஒரு ஃபிளாஸ்க் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

ஆண்டு விழா. ‘செயல்வழிக் கற்றலில் சிறந்த ஆசிரியை’ என்று எனக்கு ஒரு ஷீல்டு. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். சார் கையால் வாங்கும்போது அவர் கையில் சந்தனமும் வியர்வையும் பிசுபிசுத்தது. வீட்டில் பூர்ணிமா ஷோகேஸில் வைத்தாள். நான் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். அவள் ஏன் என்று கேட்டாள். தூசி படியும் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

மின்ஹா இப்போது ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். கேள்வி கேட்பதில்லை. சொன்னதை எழுதுகிறாள். எல்லா டீச்சரும் பாராட்டுகிறார்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. என் வகுப்புக்கே எனக்கு மேற்பார்வை போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் மின்ஹா கையை உயர்த்தினாள். பென்சில் ஒடிந்திருக்கும் என்று நினைத்துப் போனேன்.

விடைத்தாளைப் பார்த்தேன். பத்துக் கணக்கு. ஒன்றின் கீழ் ஒன்றாக எண்களை நேராக அடுக்கியிருந்தாள். கையில் வைத்ததையெல்லாம் மேலே சின்னதாகக் குறித்திருந்தாள். கழித்தலில் பக்கத்து எண்ணை அடித்து ஒன்று குறைத்ததுகூட ஒழுங்காக இருந்தது. கோட்டுக்குக் கீழே பத்து இடமும் காலி.

"என்ன மின்ஹா, போடத் தெரியலையா?"

"போட்டுட்டேன் மிஸ்," என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "மனசுல இருக்கு. நீங்க எந்த விடை வேணும்னு சொல்லுங்க, அதை எழுதிருதேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. எட்டு வயசுப் பிள்ளைக்குக் குத்திப் பேசத் தெரியாது. தலைப்புக்குக் கீழே ஒரு கோடா இரண்டு கோடா என்று கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்ட நிம்மதிகூட அந்த முகத்தில் இருந்தது.

"சரியா வர்றதை எழுதும்மா," என்றேன்.

"சரின்னா எது மிஸ்? கூட்டினா வர்றதா, நீங்க போர்டுல எழுதுறதா?"

முன் பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு திரும்பிப் பார்த்தன. அவர்களுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது போல, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தன. பிரின்ஸிபல் அறைக் கதவு திறந்திருந்தது. நான் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தேன். பிறகு, "பரீட்சையில பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டேன்.